தங்க நட்சத்திரமும் சுவர்க் கடிகாரமும்: வாசகர் கேள்வி பதில்

நம் மலேசியத் தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு நிர்வாகம் கொடுத்த நினைவுப் பொருள்கள் யார் வீட்டிலாவது இருக்கின்றனவா என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். சுவர்க் கடிகாரம், சட்டமிட்ட சான்றிதழ், ஓடாமல் நின்றுபோன கைக்கடிகாரம் என்று பதில்கள் வந்தன. கூடவே, சோஷலிச நாடுகள் தங்கள் தொழிலாளர்களுக்கு அளித்த அரசு விருதுகளைப் பற்றிய கேள்விகளும் நான் எதிர்பாராத அளவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இம்மாதம் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என் அப்பா முப்பத்து நான்கு ஆண்டுகள் பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். ஓய்வு பெற்ற நாளில், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் வைத்து அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ரஷ்யாவில் தேயிலை பறித்த பெண்களுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்து நாடே கொண்டாடியது என்று கல்லூரியில் படிக்கும் என் பேரன் சொல்கிறான். இது உண்மையா, யாரோ கட்டிவிட்ட கதையா?
— வாசகி, பீடோங்

உண்மைதான் அம்மா. ஆனால் அந்தத் தேயிலை பெரும்பாலும் விளைந்தது ரஷ்யாவில் அல்ல. அப்போது சோவியத் ஒன்றியத்தின் ஒரு குடியரசாக இருந்த ஜார்ஜியாவில், கருங்கடலை ஒட்டிய மேற்குப் பகுதியில். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு உணவுக்கும் பருத்திக்கும் தேயிலைக்கும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், இத்தனை நிலத்தில் இத்தனை விளைச்சல் எடுத்தால் இன்ன விருது என்று அரசு ஆணை போட்டே அளவு வைத்தது. அந்த அளவைத் தாண்டிய கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் 1940களின் இறுதியிலும் 1950களிலும் 'சோஷலிச உழைப்பு வீரர்' என்னும் பட்டத்தைப் பெற்றார்கள். உழைப்புக்காக அந்நாடு தந்த பட்டங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை. ஐந்து முனைத் தங்க நட்சத்திரம், அதன் நடுவில் சுத்தியலும் அரிவாளும், அதனோடு லெனின் விருது என்று இரண்டையும் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கும் கிராமத்துப் பெண்களின் படங்கள் அக்காலச் சோவியத் இதழ்களில் நிறைய வந்தன. அவை தமிழ் உட்பட இந்திய மொழிகளிலும் அச்சாகி வந்தவை என்பதால், நம் பெரியவர்களில் சிலர் அப்படங்களைப் பார்த்திருக்கக்கூடும்.

பட்டம் ஒரே நாளில் பிறந்ததன்று. புரட்சி நடந்து மூன்றே ஆண்டுகளில், 1920 டிசம்பரில், உள்நாட்டுப் போர் முழுவதும் ஓயாத நேரத்தில், ரஷ்யக் குடியரசு உழைப்புச் செங்கொடி விருதை ஏற்படுத்தியது. போர்க்களத்தில் நின்றவனுக்குச் செங்கொடி விருது உண்டென்றால் பட்டறையில் நின்றவனுக்கும் ஒன்று வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1927-இல் 'உழைப்பு வீரர்' பட்டம் வந்தது. அதைப் பெறப் பொதுவாக 35 ஆண்டு வேலைக்காலம் வேண்டும் என்று விதி இருந்தது. (உங்கள் அப்பாவுக்கு ஓராண்டு குறைகிறது, அந்த ஊரில் கணக்கு எழுதியவரும் நம் தோட்டக் கணக்கரான கிராணியைப் போலவே விரல்விட்டு எண்ணியிருப்பார்.) 1930-இல் லெனின் விருதும், கடைசியாக 1938 டிசம்பர் 27 அன்று சோஷலிச உழைப்பு வீரர் பட்டமும் ஏற்பட்டன. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போகும்வரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்பட்டத்தைப் பெற்றார்கள்.

இதில் உங்கள் பேரனிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. தொழிலாளர்களுக்கென்று வைத்த அந்தப் பட்டத்தை முதன்முதலில் பெற்றவர் யார்? சுரங்கத் தொழிலாளி அல்லர், நெசவுப் பெண்ணும் அல்லர். 1939 டிசம்பரில், தம் அறுபதாம் பிறந்தநாள் கொண்டாட்டத்தை ஒட்டி, ஸ்டாலின்தான் முதலில் பெற்றார். இரண்டாவதாகப் பெற்றவர் துப்பாக்கி வடிவமைப்பாளர் தெக்தியாரியோவ். தங்க நட்சத்திரம் அடுத்த ஆண்டு, 1940 மே மாதத்தில்தான் வடிவமைக்கப்பட்டது. கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணின் முறை வருவதற்கு அதன் பின்னும் சில ஆண்டுகள் ஆயின.

ஸ்டகானவ் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே இரவில் பதினான்கு பேருடைய வேலையைச் செய்தார் என்று தொழிற்சங்க வகுப்பில் ஒரு காலத்தில் சொன்னார்கள். நான் நாற்பது ஆண்டுகள் ஆட்களை வேலை வாங்கியவன். ஒரு மனிதனால் அது ஆகக்கூடிய காரியமா?
— ஓய்வு பெற்ற மண்டோர், சுங்கைப்பட்டாணி

உங்கள் ஐயம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது ஐயா. எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1935 ஆகஸ்ட் 30 இரவு தொடங்கி 31 விடியும் வரையிலான வேலை நேரத்தில், இன்றைய கிழக்கு உக்ரைனின் தொன்பாஸ் பகுதியில் உள்ள சென்ட்ரல்னயா-இர்மினோ என்னும் சுரங்கத்தில், அலெக்ஸி ஸ்டகானவ் 5 மணி 45 நிமிடத்தில் 102 டன் நிலக்கரி வெட்டினார். அந்த வேலை நேரத்துக்கு ஓர் ஆளுக்கு வைத்திருந்த அளவு 7 டன். கணக்குப் பார்த்தால் பதினான்கு மடங்குக்கும் சற்று மேல் வருகிறது.

இனி, அது எப்படி ஆயிற்று என்பதைப் பாருங்கள். அதுவரை அந்தச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுபவர், கொஞ்சம் வெட்டியதும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, மேற்கூரை சரியாதபடி மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதன் பிறகே மறுபடி வெட்டத் தொடங்குவார். நெட்டுக்கு நிற்கும் நிலக்கரி அடுக்கில் பலர் ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டு நெருக்கியடித்து வேலை செய்வார்கள். அன்றிரவு அந்த முகப்பு முழுவதையும் ஸ்டகானவ் ஒருவருக்கே விட்டார்கள். அவர் கையில் காற்றழுத்தத்தால் இயங்கும் வெட்டுக்கருவி இருந்தது. அவருக்குப் பின்னால் முட்டுக்கொடுப்பதற்கென்றே ஷிகலியோவ், பரிசென்கோ என்ற இரண்டு தொழிலாளர்கள் வந்தார்கள். கட்சி அமைப்பாளர் பெத்ரோவ் விளக்குப் பிடித்து நின்றார். சுரங்கச் செய்தித்தாளின் ஆசிரியரும் உடனிருந்தார். விடிந்ததும், காலை ஆறு மணிக்கே, கட்சிக் குழு கூடி இதைச் சாதனை என்று தீர்மானம் போட்டுவிட்டது. ஆகவே அந்த 102 டன் ஒருவர் வெட்டியது என்பது மெய்தான். ஆனால் அது ஒருவருடைய வேலை அன்று. மூன்று பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு செய்ததால் கிடைத்த பலன் அது. மூன்று பேருக்கென்று வகுத்தால் ஆளுக்கு 34 டன் வருகிறது. அதுவும் பெரிய அளவுதான், வேலையை அறிவோடு பிரித்தால் எவ்வளவு கூடும் என்பதற்கு நல்ல சான்றும் கூட. ஆனால் செய்தித்தாளுக்கு மூன்று பெயர் ஒத்துவராது. ஒரு முகம் போதும் என்று முடிவாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் டைம் இதழ் அட்டையிலேயே அந்த முகம் வந்தது.

இதை எழுதும்போது எனக்கு நினைவுக்கு வருவது பீடோங்குக்கு அருகில் நான் வளர்ந்த தோட்டத்தின் பால் ஸ்டோர். எங்கள் லயத்தில் 'முதல் கை' என்று பெயரெடுத்த ஒருவர் இருந்தார். காலை பதினொரு மணிக்குக் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளியும் விளிம்பு தளும்ப அவர் வந்து நின்றால், வரிசை தானாக விலகி வழிவிடும். கிராணி, பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக் கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டு, குனிந்து கோட்டைப் பார்த்து, செக்ரோல் என்னும் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே எண்ணை எழுதுவார். விடியற்காலை நாலரை மணிக்கு நெற்றி விளக்கோடு அவர் பின்னாலேயே போய் பால் வடியும் மங்குகளைத் துடைத்து வைத்த அவருடைய மனைவியின் பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை. பள்ளிக்குப் போகுமுன், மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்து மூட்டை கட்டிய மூத்த மகனின் பெயரும் இல்லை. அந்த மகன் என் வகுப்பில்தான் படித்தான். அவன் விரல்களில் இருந்த ஒட்டுப்பால் நாற்றத்துக்காக அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது. ஷிகலியோவும் பரிசென்கோவும் யார் என்று எனக்குப் புத்தகம் பார்த்துத்தான் தெரிந்தது. ஆனால் அவர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்பது படிக்காமலே தெரியும்.

ஒரு செய்தியைச் சேர்த்துவிடுகிறேன். இவ்வளவு புகழ் பெற்ற ஸ்டகானவுக்குச் சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் கிடைத்தது 1970-இல், அந்த இரவு கடந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு. 1977-இல் அவர் இறந்தார். மறு ஆண்டு தொன்பாஸின் காதியிவ்கா நகருக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2016-இல் உக்ரைன் பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டது.

ஒருவர் அதிகமாக வெட்டிப் பதக்கம் வாங்கினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதனால் என்ன?
— செம்பனைத் தோட்டத் தொழிலாளி, கூலிம்

நீங்கள் குலை வெட்டுபவர். விடை தெரிந்தே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்து நிரையில் இருப்பவர் நாளைக்கு இத்தனை குலை இறக்கினார் என்பது இந்த மாதம் பாராட்டாக இருக்கும், அடுத்த மாதம் அளவாக மாறும். சோவியத் ஒன்றியத்தில் 1935 நவம்பரில் ஸ்டகானவ் வழியில் சென்றவர்களை மாஸ்கோவில் கூட்டிச் சிறப்பித்தார்கள். 'வாழ்க்கை மேம்பட்டுவிட்டது தோழர்களே' என்று ஸ்டாலின் பேசியது அங்கேதான். 1936 தொடக்கத்தில் தொழில் தொழிலாக வேலை அளவுகள் உயர்த்தப்பட்டன. பழைய அளவைச் செய்து பழைய கூலி வாங்கியவர், அதே கூலிக்கு இப்போது கூடுதலாகச் செய்ய வேண்டியதாயிற்று. சாதனை செய்தவர்களைச் சக தொழிலாளர்கள் திட்டியதும், அவர்களுடைய கருவிகளைப் பாழாக்கியதும், சில இடங்களில் அடித்ததும் நடந்திருக்கின்றன.

கிழக்கு ஜெர்மனிக் கதை இன்னும் நெருக்கமானது. 1948 அக்டோபர் 13 அன்று சாக்சனியின் ஓல்ஸ்னிட்ஸ் சுரங்கத்தில் அடால்ப் ஹென்னக்கே என்பவர், முன்கூட்டியே எல்லா ஏற்பாடும் செய்து கொடுத்த நிலையில், ஒரே வேலை நேரத்தில் 387 விழுக்காடு அளவைச் செய்து காட்டினார். அவருக்குக் கிடைத்த பரிசில் 50 மார்க் பணம், ஒன்றரைக் கிலோ கொழுப்பு, மூன்று பெட்டி சிகரெட், ஒரு புட்டி பிராந்தி, பூங்கொத்து ஆகியவை இருந்தன. போர் முடிந்து பசியோடு இருந்த நாட்டில் அந்த ஒன்றரைக் கிலோ கொழுப்பின் மதிப்பு நமக்குச் சட்டென்று பிடிபடாது. மறுநாள் வேலைக்குப் போனபோது பழகிய தோழர்கள் முகம் கொடுக்கவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1953-இல், அரசு வேலை அளவைக் குறைந்தது பத்து விழுக்காடு உயர்த்தியபோது கிழக்கு பெர்லினின் கட்டடத் தொழிலாளர்கள் கருவிகளை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 17 அன்று அது நாடு தழுவிய கிளர்ச்சியாகி, சோவியத் டாங்குகளால் அடக்கப்பட்டது. தொழிலாளர் பெயரால் நடந்த அரசுக்கு எதிராகத் தொழிலாளர்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணம் இந்த அளவுதான் என்பதை நான் சிறிய செய்தியாக எண்ணவில்லை.

பதக்கத்தோடு பணமோ வசதியோ உண்டா, வெறும் தகடுதானா?
— கணக்கர், பாடாங் செராய்

உண்டு. வீட்டு ஒதுக்கீட்டில் முன்னுரிமை, கூடுதல் ஓய்வூதியம், நகரப் பேருந்திலும் டிராமிலும் இலவசப் பயணம், உடல்நல விடுதிக்குச் சீட்டு என்று விருதுக்கு ஏற்றபடி கிடைத்தன. 1974-இல் உருவான உழைப்புப் புகழ் விருதுக்கு மூன்று படிகள் இருந்தன; மூன்றையும் முடித்தவருக்குத்தான் இந்த வசதிகள் முழுமையாக வந்தன. கடையில் பொருள் இல்லாத நாட்டில், வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதே பெரிய சொத்து. சோஷலிச உழைப்பு வீரர் பட்டத்தை இரண்டு முறை பெற்றவருக்குப் பிறந்த ஊரில் வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வைத்தார்கள். 1933-இல் பெண்களை மட்டுமே கொண்டு டிராக்டர் அணி அமைத்த பாஷா அங்கெலினாவுக்கு அப்படி ஒரு சிலை உண்டு. உயிரோடு இருப்பவர், சொந்த ஊரில், தம்முடைய சிலையைக் கடந்துதான் கடைக்குப் போக வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே தோன்றுகிறது.

நான் சிறு வயதில் தோட்டத்து வாளிக் கழிவறைகளைச் சுத்தம் செய்தவன்; பிறகு நகராண்மையில் குப்பை வண்டியில் வேலை செய்தேன். எங்களைப் போன்றவர்களை எந்த நாடாவது பாராட்டியிருக்கிறதா?
— வாசகர், பீடோங்

பாராட்டியிருக்கிறது ஐயா. அந்தக் கதையின் இரண்டு பாதிகளையும் நீங்கள் கேட்க வேண்டும்.

பெய்ஜிங்கில் ஷி சுவான்சியாங் என்று ஒருவர் இருந்தார். ஷான்டோங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சிறு வயதில் தலைநகருக்கு வந்தவர். பழைய காலத்தில் மலம் அள்ளும் தொழிலைக் கையில் வைத்திருந்த முதலாளிகளிடம் கூலியாக இருந்தார். 1949-க்குப் பிறகு நகரத் துப்புரவுக் குழுவில் அதே வேலையைச் செய்தார். மரப் பீப்பாயை முதுகில் சுமந்துகொண்டு சந்து சந்தாகப் போவார். 'ஒருவன் அழுக்கானாலும் பத்தாயிரம் வீடு சுத்தமாகட்டும்' என்பது அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வாசகம். 1959 அக்டோபர் 26 அன்று பெய்ஜிங் மக்கள் மாமண்டபத்தில் நாட்டின் முன்மாதிரித் தொழிலாளர்களைக் கூட்டியபோது, சீன மக்கள் குடியரசின் தலைவர் லியூ ஷாவ்சி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நீங்கள் மலம் அள்ளுவதும் நான் தலைவராக இருப்பதும் மக்களுக்குச் செய்யும் பணிதான், வேலைப் பிரிவினை மட்டுமே வேறு என்ற பொருளில் பேசினார். எழுத்துக் கற்கத் தொடங்கியிருந்த அவருக்குத் தம் பேனாவையும் கொடுத்தார். அந்தப் படம் நாடெங்கும் போயிற்று. அதைப் பார்த்துப் படித்த இளைஞர்களும் கூட அந்த வேலைக்கு முன்வந்தார்கள்.

மறு பாதி இது. 1966-இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியது. லியூ ஷாவ்சி துரோகி என்று முத்திரை குத்தப்பட்டு, 1969-இல் காவலிலேயே இறந்தார். அவர் கையைக் குலுக்கியதே ஷி சுவான்சியாங்குக்குக் குற்றமாகிவிட்டது. தொழிலாளர் வர்க்கத்துக்கு இரண்டகம் செய்தவன் என்று பட்டம் கட்டி, ஊர்வலமாக இழுத்து, அடித்து, ஊருக்குத் துரத்தினார்கள். அவர் 1975-இல் இறந்தார். குற்றமற்றவர் என்று 1978-இல் அறிவித்தார்கள். இன்றும் சீனாவில் முன்மாதிரித் தொழிலாளர் பட்டம் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேசிய அளவில் வழங்குகிறார்கள்.

இந்த வேலையைப் பற்றி நம் சமூகம் சொன்ன சொற்களையும், உங்களுக்குத் தனி டம்ளர் வைத்த காப்பிக் கடைகளையும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாட்டின் தலைவர் அந்தக் கையைத் தொட்டார் என்பதன் எடையை, பின்னால் நடந்த கொடுமையால் நான் குறைத்துவிட மாட்டேன். ஆனால் மேலே இருப்பவர் விழும்போது பதக்கம் வாங்கியவரும் சேர்ந்து விழ வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க முடியாது.

கணக்கில் பொய் எழுதி விருது வாங்கியது உண்டா? நம் பக்கத்தில் பாலில் தண்ணீர் கலப்பது போல?
— முன்னாள் கிராணி, பாலிங்

பாலில் தண்ணீர் கலந்தால் உங்கள் மெட்ரோலாக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஊரில் அப்படி ஒரு கருவி இல்லாமல் போயிற்று. ரியாசான் என்ற மாநிலத்தின் கட்சிச் செயலாளர் லாரியோனவ், 1959-இல் இறைச்சிக் கொள்முதலை மூன்று மடங்காக்கி 1,50,000 டன் தருவதாக வாக்களித்தார். அப்போதைய சோவியத் தலைவர் குருஷ்சேவ் அதை நாட்டுக்கே எடுத்துக்காட்டாக்கினார். வாக்கைக் காப்பாற்றக் கறவை மாடுகளையும் இனப்பெருக்கத்துக்கு வைத்த மாடுகளையும் வெட்டினார்கள். குடியானவர் வீட்டு மாட்டையும் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மாநிலங்களுக்குப் போய் இறைச்சி வாங்கி வந்து தங்கள் கணக்கில் சேர்த்தார்கள். டிசம்பரில் இலக்கு நிறைவேறியதாக அறிவிப்பு வந்தது. லாரியோனவ் சோஷலிச உழைப்பு வீரரானார். மறு ஆண்டு வெட்டுவதற்கு மாடு இல்லை. கொள்முதல் 30,000 டன்னாகச் சுருங்கியது. 1960 செப்டம்பரில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பட்டமும் பறிபோயிற்று.

உஸ்பெகிஸ்தானில் இதுவே பருத்தியில் நடந்தது. வயலில் இல்லாத பருத்தி பல ஆண்டுகள் தாளில் மட்டும் விளைந்து, அதற்கும் விருதுகள் போயின.

கொடுத்த விருதைத் திரும்ப எடுத்தால் அதற்குப் பிறகு என்ன மரியாதை?
— மாணவர், சுங்கைப்பட்டாணி

அணுகுண்டு ஆய்வாளர் சகாரவ் சோஷலிச உழைப்பு வீரர் பட்டத்தை மூன்று முறை பெற்றவர். ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பியதை எதிர்த்துப் பேசியதும், 1980 ஜனவரியில் மூன்றையும் பிடுங்கிக்கொண்டு அவரைக் கார்க்கி நகருக்கு அனுப்பினார்கள். மரியாதை யாருக்குக் குறைந்தது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்கு ஏதாவது விருது?
— இல்லத்தரசி, குரூண்

பிள்ளை பெற்றதற்கு உண்டு. பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களுக்கு 'வீரத் தாய்' என்ற பட்டத்தை 1944-இல் சோவியத் அரசு ஏற்படுத்தியது. போரில் இழந்த ஆட்தொகையை ஈடுகட்டுவதே அதன் நோக்கம். சோறு வடித்ததற்கு எந்த நாடும் பதக்கம் கொடுத்ததாக நான் படிக்கவில்லை.

இந்த நாடுகளில் ரப்பர் மரம் வெட்டியவர்களுக்கு விருது கொடுத்ததுண்டா? நான் கேட்பது நம் தொழிலைப் பற்றி.
— பால் மரம் வெட்டும் தொழிலாளி, பீடோங்

இதற்கு வியட்நாமைத்தான் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடித்த விதமும், கங்காணி அடித்த அடியும், மலேரியாவில் செத்த கணக்கும் நம் தாத்தாக்களின் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. 1930 பிப்ரவரியில் பூ ரியெங் என்ற, மிஷ்லின் டயர் நிறுவனத்தின் தோட்டத்தில் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் அந்நாட்டின் பாடப்புத்தகத்திலேயே இடம்பெற்றது. 1948 ஜூன் 11 அன்று ஹோ சி மின், ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டு உழைக்கும்படி நாட்டு மக்களை அழைத்தார். 1952 மே தினத்தன்று துயென் குவாங்கில் கூடிய முதல் மாநாட்டில் ஏழு பேரை வீரர்களாக அறிவித்தார்கள்; அவர்களில் மூவர் உழைப்பு வீரர்கள்: படைக்கலத் தொழிலாளி ஒருவர், பொறியாளர் ஒருவர், விவசாயி ஒருவர். அந்தப் பட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இப்போது தனியார் நிறுவனத் தலைவர்களுக்கும் அது போகிறது.

உங்களுக்குப் பிடிக்கக்கூடியது வேறு ஒன்று. அங்குள்ள அரசு ரப்பர் குழுமம் 'பொற்கை' என்ற பெயரில் பால் வெட்டுப் போட்டி நடத்துகிறது. அங்கே வெட்டின் சுத்தத்தைப் பார்க்கிறார்கள். பட்டை எவ்வளவு மெல்லியதாகச் சீவப்பட்டது, உளி மரத்தின் உள்ளே பட்டுக் காயம் உண்டாக்கியதா, வெட்டின் சாய்வு சரியா என்று அளவுகோல் வைத்துப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எடையை மட்டும் வைத்து ஆளை மதிப்பது சுலபம். ஆழமாக வெட்டினால் இன்று பால் கூடும், சில ஆண்டுகளில் மரம் காய்ந்துபோகும். மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுபவனே நல்ல வெட்டுக்காரன் என்று நம் பழைய மண்டோர்களும் சொன்னார்கள். ஆனால் அதற்கு நம் செக்ரோலில் ஒரு கட்டம் இல்லை.

நம் நாட்டில் இப்படி ஏன் இல்லை?
— அதே வாசகர்

மே தினத்தன்று தொழிலாளர் பிரமுகர் விருது கொடுக்கிறார்கள். பி.ஜே.கே., ஏ.எம்.என். போன்ற அரசுப் பதக்கங்களும் தொழிற்சங்கத்தில் பாடுபட்ட சிலருக்குக் கிடைத்திருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய பி.பி.நாராயணனுக்கு 1962-இல் மகசாசே விருது வந்தது. இவை எல்லாம் பேசியவர்களுக்கும் வழிநடத்தியவர்களுக்கும் உரியவை. அவர்களுக்குத் தகும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. வெட்டியவருக்குக் கடிகாரம்.

பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் சுத்தியலும் அரிவாளும் பொறித்த வட்டமான வெள்ளிப் பதக்கம் ஒன்றைப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். படம் இணைத்துள்ளேன். நீங்கள் சொல்லும் வீரர் பதக்கமா இது? கறுத்துப் போயிருக்கிறது, தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?
— வாசகர், பட்டர்வொர்த்

வீரர் பதக்கம் தங்க நட்சத்திரம், இது வட்டம். நீங்கள் வாங்கியிருப்பது 1974-இல் ஏற்பட்ட 'உழைப்பு மூத்தோர்' பதக்கம். சுத்தியல் அரிவாளுக்குக் கீழே பட்டை போன்ற பகுதியில் உள்ள ரஷ்ய எழுத்துகளை 'வெட்டரான் த்ருதா' என்று படிக்க வேண்டும். திருப்பிப் பாருங்கள்: 'நெடுங்கால நேர்மையான உழைப்புக்காக' என்று இருக்கும். சாதனை, போட்டி, அளவு எதுவும் இல்லாமல், ஓய்வு பெறும் வயது வரை ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களுக்கு இதைக் கொடுத்தார்கள். சோவியத் ஒன்றியம் இருந்தவரை ஏறத்தாழ 3 கோடியே 90 லட்சம் பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் சந்தையில் விலை இல்லை. பதினைந்து வெள்ளி நியாயமான விலைதான். முதல் கேள்வி கேட்ட அம்மாவின் வீட்டுச் சுவரில் இருக்கும் கடிகாரத்துக்குச் சொந்தக்காரர் அங்கே பிறந்திருந்தால், அவர் பெட்டியிலும் இதுதான் இருந்திருக்கும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். மேலே வெள்ளி முலாம் மட்டும்தான். எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றே ஆலையில் அதைக் கறுக்க வைத்தார்கள். மெல்லிய துணியால் தூசியைத் தட்டிவிட்டுக் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள்.